முழங்கால் கேட்ட விலை

எலும்பு விரிசல்களால் இளமையின் ஐந்து ஆண்டுகளைப் பறிகொடுத்த சென்னை வீரர் பிரஜ்னேஷ் குணேஸ்வரன், 29 வயதில் உலகின் முதல் 100 டென்னிஸ் வீரர்களில் ஒருவரானார். மீண்டு வர மன உறுதி மட்டும் போதுமா?

தியான்ஜின், சீனா. 2018 ஏப்ரல் 7. டேவிஸ் கோப்பைப் போட்டியின் முதல் நாளில் இரண்டு ஒற்றையர் ஆட்டங்களையும் இழந்து இந்தியா தலை கவிழ்ந்து நின்றது. இரண்டாம் நாள் காட்சி மாறியது. இரட்டையரில் லியாண்டர் பயஸும் ரோஹன் போபண்ணாவும் வென்றார்கள். அடுத்து ராம்குமார் ராமநாதனும் வெல்ல, கணக்கு 2-2. எஞ்சியது ஒரே ஒரு ஆட்டம். சீனாவின் சார்பில் இறங்கியவர் வூ யிபிங்: 18 வயது, முந்தைய ஆண்டின் யு.எஸ். ஓபன் ஜூனியர் சாம்பியன், அந்த நாட்டின் பெரும் நம்பிக்கை. இந்திய அணியின் கேப்டன் மகேஷ் பூபதி அவருக்கு எதிராக அனுப்பியது முதல் நாள் ஆடாத ஒருவரை. சென்னையைச் சேர்ந்த இடது கைக்காரர். வயது 28. டென்னிஸ் பார்ப்பவர்களுக்கே அதிகம் பழக்கமில்லாத பெயர்.

பிரஜ்னேஷ் குணேஸ்வரன் 6-4, 6-2 என்று நேர் செட்களில் ஜெயித்தார். இந்தியா உலகப் பிரிவின் பிளே-ஆஃப் சுற்றுக்குப் போனது. மறுநாள் பத்திரிகைகள் பெரிதும் கொண்டாடியது பயஸைத்தான். அவர் அன்று டேவிஸ் கோப்பை இரட்டையரில் தன் 43-வது வெற்றியைப் பெற்று உலக சாதனை படைத்திருந்தார். அது நியாயமே. ஆனால் கடைசி ஆட்டத்தை முடித்துக்கொடுத்தவரின் கதை வேறு ரகம். ஒருவர் ஆட வேண்டிய வயதில் ஆடாமல், ஓய்வு பெறுவது பற்றிப் பலர் யோசிக்கத் தொடங்கும் வயதில் ஆடத் தொடங்கிய கதை.

டென்னிஸில் 20 வயதுக்கும் 25-க்கும் இடைப்பட்ட காலம் விதைப்புக் காலம். சிறு போட்டிகளில் புள்ளி சேர்த்து, பெரிய போட்டிகளுக்குள் நுழைந்து, உலகத் தரவரிசையில் ஓர் இடத்தைப் பிடிப்பதற்கான ஆண்டுகள் அவை. பிரஜ்னேஷுக்கு அந்த ஆண்டுகளின் பெரும்பகுதி ஓய்வும் உடற்பயிற்சியும் மருத்துவப் பரிசோதனையுமாகக் கழிந்தது. காரணம் முழங்கால். அவர் பிறந்த அதே 1989-ல் பிறந்த ஜப்பானின் கெய் நிஷிகோரி, 2014-ல் யு.எஸ். ஓபன் இறுதி ஆட்டத்தில் ஆடினார். அந்தக் காலத்தில் பிரஜ்னேஷின் கவலை, காலை ஊன்றி ஓட முடியுமா என்பதாக இருந்தது.

விரிசல்

பிரஜ்னேஷுக்கு வந்தது ஒரு விபத்தில் படக்கென்று முறிந்த எலும்பு அல்ல. டாக்டர்கள் 'ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர்' என்று சொல்வது. திரும்பத் திரும்ப விழும் சுமையால் எலும்பில் உண்டாகும் மயிரிழை விரிசல். விளையாட்டு வீரர்களுக்கும் ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்து நடைப்பயிற்சி செய்பவர்களுக்கும் அதிகம் வருவது.

எலும்பு ஒரு முறை வளர்ந்து முடிந்துவிடும் கட்டை அல்ல. வீட்டைப் பழுது பார்ப்பதுபோல உடல் அதைத் தினமும் கொஞ்சம் இடித்துக் கொஞ்சம் கட்டிக்கொண்டே இருக்கிறது. அளவோடு சுமை ஏற்றினால் எலும்பு உறுதிப்படும். இடைவெளி இல்லாமல் ஏற்றினால் கட்டுவதைவிட இடிப்பது முந்திக்கொள்ளும். சிமென்ட் தரையில் டென்னிஸ் ஆடுபவரின் கால் செய்யும் வேலையை நினைத்துப் பார்க்கலாம். முழு வேகத்தில் ஓடி, சட்டென்று நின்று, உடம்பைத் திருப்பி, எதிர்த்திசையில் மறுபடி ஓட வேண்டும். ஒரு ஆட்டத்தில் இது நூற்றுக்கணக்கான முறை நடக்கும். உடம்பின் எடையைப்போலப் பல மடங்கு அழுத்தம் ஒவ்வொரு முறையும் முழங்காலைச் சுற்றிய எலும்பில் இறங்குகிறது.

இந்த விரிசலின் மோசமான குணம், அது ஏமாற்றும். ஆரம்பத்தில் எக்ஸ்-ரேயில் பெரும்பாலும் தெரியாது, எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் பிடிபடும். ஆடினால் வலிக்கும், ஓய்வெடுத்தால் வலி போய்விடும். வலி போனதும் சரியாகிவிட்டது என்று தோன்றும். ஆனால் எலும்பு முழுதாகக் கூடியிருக்காது. அவசரப்பட்டு மைதானத்துக்குப் போனால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். இதற்குத் தனி மாத்திரை கிடையாது. ஓய்வும் பொறுமையும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சுமையைக் கூட்டுவதும்தான் சிகிச்சை. 20 வயதுப் பையனிடம் எதையும் கேட்கலாம், பொறுமையை மட்டும் கேட்க முடியாது.

பிரஜ்னேஷுக்கு இது ஒரு முறையோடு நிற்கவில்லை. கூடுவதும் விரிவதுமாகப் பல ஆண்டுகள் போயின. அமெரிக்காவின் டென்னஸி பல்கலைக்கழகத்தில் சிறிது காலம் இருந்துவிட்டுத் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தவர், தொழில் தொடங்கும் முன்பே அது முடிந்துவிடுமோ என்ற நிலைக்கு வந்தார். அந்த நாட்களில் அவரைத் தாங்கியது குடும்பம்.

யாருக்குப் பாதுகாப்பு?

காயமடைந்த வீரர்களை உலக டென்னிஸ் கைவிட்டுவிடுவதில்லை. ஆண்களுக்கான தொழில்முறை டென்னிஸை நடத்தும் ஏ.டி.பி. அமைப்பிடம் 'பாதுகாக்கப்பட்ட தரவரிசை' என்ற ஏற்பாடு உண்டு. ஒருவர் காயத்தால் ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆட முடியாமல் போனால், காயம்பட்ட முதல் மூன்று மாதங்களில் அவர் வகித்த இடத்தின் சராசரி குறித்துவைக்கப்படும். திரும்பி வரும்போது உண்மையான இடம் ஆயிரத்துக்குக் கீழே போயிருந்தாலும், குறிப்பிட்ட எண்ணிக்கையிலான போட்டிகளுக்குள் நுழைய அந்தப் பழைய எண்ணைக் காட்டலாம். ரயிலில் இடம் பிடிக்கத் துண்டு போட்டுவிட்டுப் போவது மாதிரி.

டெல்லியைச் சேர்ந்த யூகி பாம்ப்ரிக்கு இது கைகொடுத்தது. 2018-ல் 83-வது இடத்தைத் தொட்டவர் முழங்கால் தசைநார்க் காயத்தால் அந்த ஆண்டு அக்டோபருக்குப் பின் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆடவில்லை. 2021-ல் திரும்பியபோது அவர் கையில் ஒரு பழைய எண் இருந்தது. கிராண்ட் ஸ்லாம் தகுதிச் சுற்றுகளின் கதவை அது திறந்தது.

ஆனால் துண்டு போட ஓர் இருக்கை வேண்டுமே! பிரஜ்னேஷுக்குக் காயம் வந்தபோது அவருக்குக் காப்பாற்றிக்கொள்ளத்தக்க இடம் எதுவும் இல்லை. ஏணியில் ஏறி விழுந்தவருக்கு வலை இருக்கிறது. ஏறத் தொடங்குமுன் விழுந்தவருக்கு வெறும் தரைதான். அவர் திரும்பி வந்தபோது 'ஃப்யூச்சர்ஸ்' எனப்படும் கடைநிலைப் போட்டிகளில்தான் ஆரம்பிக்க வேண்டியிருந்தது. மொத்தப் பரிசுத் தொகையே 10,000 டாலர் என்று அந்தக் காலத்தில் நடந்த போட்டிகள் அவை. ஒரு வாரம் முழுக்க ஆடிக் கோப்பையை வென்றவருக்கே 1,500 டாலர்கூடக் கிடைக்காது. முதல் சுற்றில் தோற்றால் ஓட்டல் பில்லுக்கும் காணாது. பயணம், தங்குமிடம், பயிற்சியாளர், பிசியோதெரபிஸ்ட் என்று எல்லாம் சொந்தச் செலவு. எதிரே நிற்பவர்களோ பெரும்பாலும் 19, 20 வயதுக்காரர்கள்.

முழங்கால் ஒருவழியாக நிலைப்பட்ட பிறகு, பிரஜ்னேஷ் ஜெர்மனியில் முன்னாள் டேவிஸ் கோப்பை வீரர் அலெக்சாண்டர் வாஸ்கேயின் பயிற்சிக் கூடத்தைத் தன் களமாக்கிக்கொண்டார். வாஸ்கேயும் காயத்தின் விலை தெரிந்தவர். 2007-ல் ரஷ்யாவுக்கு எதிரான டேவிஸ் கோப்பை அரையிறுதியில் முழங்கைத் தசைநார் கிழிந்த நிலையிலும் இரட்டையர் ஆட்டத்தை ஆடி வென்றவர். அந்தக் கை பிறகு பழைய நிலைக்கு வரவே இல்லை.

திறந்த கதவு, தவறிய கதவு

தியான்ஜின் வெற்றிக்குப் பின் பிரஜ்னேஷ் நேரத்தை வீணாக்கவில்லை. அதே மாதம் சீனாவின் ஆனிங் நகரில் சேலஞ்சர் பட்டம் வென்றார். சேலஞ்சர் என்பது ஃப்யூச்சர்ஸுக்கும் பெரிய போட்டிகளுக்கும் நடுவில் உள்ள படி. அடுத்த மாதம் பாரிஸ். அங்குதான் இந்தக் கதையின் கசப்பான நகைச்சுவை நடந்தது.

பிரெஞ்சு ஓபன் தகுதிச் சுற்றில் தோற்ற பிரஜ்னேஷ், அடுத்த வாரம் இத்தாலியின் விச்சென்சாவில் நடக்கும் சேலஞ்சரில் ஆடப் பெயர் கொடுத்துவிட்டார். வேலைக்குப் போகிறவன் அடுத்த நாள் கூலிக்கு ஏற்பாடு செய்வதுபோல இயல்பான காரியம் அது. ஆனால் பாரிஸில் அந்த ஆண்டு வீரர்கள் ஒருவர்பின் ஒருவராக விலகிக்கொண்டே இருந்தார்கள். காலியான இடங்கள் தகுதிச் சுற்றில் தோற்றவர்களுக்கு வரிசைப்படி போயின. ஆஸ்திரேலியாவின் நிக் கிர்கியோஸ் விலகியபோது அந்த இடம் பிரஜ்னேஷுக்குக் கிடைத்திருக்க வேண்டும். அவரோ விச்சென்சாவில் பெயர் பதிந்துவிட்டதால் வாய்ப்பை இழந்தார். வரிசையில் அடுத்தவர் அர்ஜென்டினாவின் மார்கோ துருங்கெல்லிட்டி. செய்தி கேட்டபோது அவர் பார்சிலோனாவில் இருந்தார். வாடகைக் காரில் பாட்டி, தாய், தம்பி ஆகியோரை ஏற்றிக்கொண்டு சுமார் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டி நள்ளிரவில் பாரிஸ் வந்தார். காலையில் களம் இறங்கி ஜெயித்தும் காட்டினார். அந்தப் பாட்டி உலகப் புகழ் பெற்றார். முதல் சுற்றில் இறங்கினாலே 40,000 யூரோ கிடைக்கும் போட்டி அது. பல ஆண்டுகள் காத்திருந்த பிரஜ்னேஷுக்கு முதல் கிராண்ட் ஸ்லாம் ஒரு கையெழுத்தில் தவறிப்போனது.

அவர் அதில் தேங்கி நிற்கவில்லை. இரண்டு வாரத்தில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் புல்தரையில், அப்போது உலகின் முதல் 25 பேரில் இருந்த கனடாவின் டெனிஸ் ஷபோவலோவை மூன்று செட்களில் தோற்கடித்தார். ஆகஸ்டில் இந்தோனேசியாவில் நடந்த ஆசிய விளையாட்டுகளில் காலிறுதியில் தென் கொரியாவின் குவோன் சூன்-வூவைக் கடுமையான போராட்டத்தில் வென்று வெண்கலத்தை உறுதி செய்தார். அரையிறுதியில் அவரைத் தோற்கடித்தவர் உஸ்பெகிஸ்தானின் டெனிஸ் இஸ்தோமின். 14 வயதில், 2001-ல், போட்டிக்குப் போகும் வழியில் கார் விபத்தில் கால் முறிந்து இரண்டு ஆண்டுகள் ராக்கெட்டைத் தொடாமல் இருந்து மீண்டவர் அவர். அன்று வலையின் இரு பக்கமும் மீண்டு வந்தவர்களே நின்றார்கள். நவம்பரில் பெங்களூரில் பிரஜ்னேஷ் மற்றொரு சேலஞ்சர் பட்டம் வென்றார். இறுதியில் எதிர்த்து ஆடியவர் ஆந்திரத்தின் சாகேத் மைனேனி.

ஒரு பொன்னான ஆண்டு

2019-ஐத் திரும்பிப் பார்த்தால் அது பிரஜ்னேஷின் ஆண்டு. ஜனவரியில் தகுதிச் சுற்றைக் கடந்து ஆஸ்திரேலிய ஓபனின் பிரதான சுற்றில் நுழைந்தார். பிப்ரவரியில் சொந்த ஊரான சென்னையில் நடந்த சேலஞ்சரில் அரையிறுதி வரை வந்ததும் முதல் 100-க்குள் இடம் கிடைத்தது. அந்தப் பத்தாண்டில் ஒற்றையரில் அந்த எல்லையைத் தாண்டிய இந்திய ஆண்கள் அவருக்கு முன் சோம்தேவ் தேவ்வர்மனும் யூகி பாம்ப்ரியும் மட்டுமே.

இதிலும் காலம் ஒரு சின்ன விஷமம் செய்தது. நுங்கம்பாக்கம் மைதானத்தில் 1997 முதல் ஆண்டுதோறும் நடந்துவந்த ஏ.டி.பி. போட்டி 2017-உடன் சென்னையை விட்டு புனேக்குப் போய்விட்டது. சொந்த ஊர் ரசிகர்கள் முன் பெரிய போட்டியில் ஆடும் தகுதி பிரஜ்னேஷுக்கு வந்தபோது, அந்தப் போட்டி அங்கே இல்லை.

மார்ச்சில் அமெரிக்காவின் இண்டியன் வெல்ஸ். கிராண்ட் ஸ்லாமுக்கு அடுத்த தகுதி பெற்ற போட்டி. தகுதிச் சுற்றிலிருந்து வந்த பிரஜ்னேஷ் பிரான்ஸின் பெனுவா பேரையும், உலகின் முதல் 20 பேரில் ஒருவரான ஜார்ஜியாவின் பசிலாஷ்விலியையும் வீழ்த்தினார். மூன்றாவது சுற்றில் அவரை நிறுத்தியவர் குரோஷியாவின் இவோ கார்லோவிச். ஆறடி பதினோரு அங்குல உயரம். வயது அப்போது 40. 29 வயதில் 'தாமதமாக வந்தவர்' என்று பேசப்பட்டவரை 40 வயதுக்காரர் தோற்கடித்தார்! ஏப்ரலில் பிரஜ்னேஷ் உலகின் 75-வது இடத்தைப் பிடித்தார். அதுவே அவருடைய உச்சம்.

அந்த ஆண்டு நான்கு கிராண்ட் ஸ்லாம்களிலும் அவர் பிரதான சுற்றில் ஆடினார். நான்கிலும் முதல் சுற்றோடு வெளியேறினார். மெல்பர்னில் டியாஃபோ, பாரிஸில் டெல்லியன், விம்பிள்டனில் ராவ்னிச், நியூயார்க்கில் மெத்வதேவ். இதைத் தோல்விப் பட்டியலாக வாசிக்கலாம். ஆனால் பரிசுத் தொகையை வைத்து வாசித்தால் வேறு கணக்கு கிடைக்கும். முதல் சுற்றில் தோற்றவருக்கு மெல்பர்னில் 75,000 ஆஸ்திரேலிய டாலர், பாரிஸில் 46,000 யூரோ, விம்பிள்டனில் 45,000 பவுண்ட், நியூயார்க்கில் 58,000 அமெரிக்க டாலர். அன்றைய மதிப்பில் மொத்தம் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி ரூபாய், வரிக்கு முன். ஃப்யூச்சர்ஸில் கோப்பை வென்றவருக்குக் கிடைத்த தொகையோடு ஒப்பிட்டால் ஏணியின் இரு முனைகளுக்கும் உள்ள தூரம் புரியும். முதல் 100-க்குள் இருப்பவர் தோற்றும் பிழைக்கலாம். கீழே இருப்பவர் ஜெயித்தும் கடனாளி.

பிறகு 2020. தகுதிச் சுற்றில் தோற்றும் அதிர்ஷ்டத்தால் ஆஸ்திரேலிய ஓபனில் இடம் கிடைத்தது. முதல் சுற்றைத் தாண்டியிருந்தால் எதிரே ஜோகோவிச். ஜப்பானின் தத்சுமா இட்டோவிடம் தோற்று அதையும் தவறவிட்டார். மார்ச்சில் கொரோனா வந்து உலக டென்னிஸையே ஐந்து மாதம் நிறுத்தியது. 20 வயதுக்காரருக்கு ஐந்து மாதம் ஒரு விடுமுறை. முப்பதைத் தொட்ட, ஏற்கெனவே ஐந்து ஆண்டுகளை இழந்த ஒருவருக்கு அது பெரிய துண்டு. அந்த ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் இரண்டு சேலஞ்சர் இறுதி ஆட்டங்கள் வரை போனார், இரண்டிலும் தோற்றார். அதன்பின் இறங்குமுகம். 2024 நவம்பரில், 35 வயது முடிந்த சில நாட்களில், ஓய்வை அறிவித்தார்.

மீண்டவர்களின் வழிகள்

மீண்டு வருவது என்றதும் உலகம் சொல்லும் பெயர்கள் சில உண்டு. ஆஸ்திரியாவின் தாமஸ் மஸ்டர் 1989-ல் அமெரிக்காவில் குடிபோதை ஓட்டுநர் ஒருவரின் கார் மோதி இடது முழங்கால் தசைநார்கள் அறுந்து கிடந்தார். விசேஷமாகச் செய்த நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தபடியே பந்தடித்துப் பழகினார். 1995-ல் பிரெஞ்சு ஓபன் பட்டம், 1996-ல் உலகின் முதலிடம். பிரிட்டனின் ஆண்டி முர்ரே 2019 ஜனவரியில் இடுப்பில் உலோகம் பொருத்தி அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, அதே ஆண்டு அக்டோபரில் ஆன்ட்வெர்ப்பில் பட்டம் வென்றார். இவர்கள் காயத்துக்கு முன்பே பெயரும் வசதியும் பெற்றிருந்தவர்கள்.

நம் நாட்டில் மீண்டவர்கள் பெரும்பாலும் ஒரு சந்தில் திரும்பித்தான் மீண்டிருக்கிறார்கள்: இரட்டையர் ஆட்டம். மைதானத்தில் பாதியை மட்டும் காத்தால் போதும். முழங்காலுக்குச் சுமை குறைவு. குடகு மண்ணின் ரோஹன் போபண்ணாவுக்கு முழங்கால் குருத்தெலும்பு தேய்ந்துபோயிருந்தது. 2021-ல் மாதக் கணக்கில் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்காமல், விட்டுவிடலாமா என்று யோசித்தவர் அவர். ஐயங்கார் முறை யோகா கால்களுக்குப் பலம் கொடுத்தது. 2024 ஜனவரியில் மாத்யூ எப்டனுடன் ஆஸ்திரேலிய ஓபன் வென்று, 43 வயதில் இரட்டையர் தரவரிசையில் முதலிடம் பிடித்தார். அந்த வயதில் அந்த இடத்தைத் தொட்டவர் வேறு யாருமில்லை. 2025 நவம்பரில்தான் ஓய்வு பெற்றார். யூகி பாம்ப்ரியும் 2023-ல் இரட்டையருக்கு மாறி, 2025 யு.எஸ். ஓபனில் அரையிறுதி வரை வந்தார். தோள்பட்டை உள்படப் பல காயங்களைத் தாண்டிய சாகேத் மைனேனி, 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுகளில் ராம்குமாருடன் இரட்டையர் வெள்ளி பெற்றபோது அவருக்கு 36 வயது நெருங்கிக்கொண்டிருந்தது.

பிரஜ்னேஷ் அந்தச் சந்தில் திரும்பவில்லை. கடைசிவரை முக்கியமாக ஒற்றையர் ஆட்டக்காரராகவே இருந்தார். அவர் வழியில் மீண்ட இன்னொருவர் சுமித் நாகல். 2021-ல் இடுப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பின் அதளபாதாளத்துக்குப் போய், 2024-ல் 68-வது இடத்தைத் தொட்டார். நடுவில், 2023-ல், ஆண்டு முழுக்க ஆடிச் செலவு போகத் தன் வங்கிக் கணக்கில் 900 யூரோ மட்டுமே மிஞ்சியிருப்பதாக அவர் வெளிப்படையாகச் சொன்னது நாட்டையே திடுக்கிட வைத்தது. அப்போது அவர் இந்தியாவின் முதல் நிலை ஒற்றையர் வீரர்! தியான்ஜினில் தோற்ற அந்தச் சீனப் பையன் வூ யிபிங்கையும் காயங்கள் விடவில்லை. ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆடாமல் இருந்து 2022-ல் திரும்பினார். 2023-ல் டல்லஸ் நகரில் ஏ.டி.பி. பட்டம் வென்ற முதல் சீன ஆண் ஆனார்.

சித்தூர்ப் பாதை

சித்தூரிலும் திருப்பதியிலும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். பிள்ளை ராக்கெட் பிடித்து ஆட ஆசைப்பட்டால் இந்த ஊர்களிலிருந்து பார்வை சென்னையை நோக்கித்தான் போகும். ரயிலிலோ பஸ்ஸிலோ மூன்று, நான்கு மணி நேரம். காயத்துக்கு மருத்துவம் பார்ப்பதில் இந்தப் பகுதி ஏழை அல்ல. திருப்பதியில் திருமலை திருப்பதி தேவஸ்தானம் நடத்தும் 'பேர்ட்' எலும்பு மருத்துவமனை இருக்கிறது. சித்தூரிலிருந்து ஒரு மணி நேரத்தில் எட்டிவிடக்கூடிய வேலூரில், இந்தியாவில் மறுவாழ்வு மருத்துவத்துக்கே வழிகாட்டிய சி.எம்.சி. இருக்கிறது. அங்கே அந்தத் துறையை வளர்த்த டாக்டர் மேரி வர்கீஸே மீண்டு வந்தவர்தான். 1954-ல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். 1966-ல் அங்கே மறுவாழ்வு நிலையம் தொடங்கக் காரணமானார்.

ஆக, எலும்பைக் கூட்டிவைக்க இங்கேயே கைகள் உண்டு. ஆனால் கூடிய எலும்பை வைத்துக்கொண்டு ஒருவர் மறுபடி ஆட்டக்காரராவதற்கு வேறு சில வேண்டும். ஒன்றிரண்டு ஆண்டுகள் வருமானமே இல்லாமல் சாப்பிட வேண்டும். தினமும் கூடவே இருந்து சுமையைக் கூட்டிக் குறைக்கும் ஒரு பிசியோதெரபிஸ்ட் வேண்டும். நிலைமை தெரிந்து காத்திருக்கும் பயிற்சியாளர் வேண்டும். வாரம் ஓர் ஊர் என்று சுற்றப் பணம் வேண்டும். சித்தூரில் ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பையனுக்கு 20 வயதில் முழங்கால் விரிசல் விட்டால், வீட்டில் அநேகமாக எழும் கேள்வி, "மறுபடி எப்போது ஆடுவாய்?" என்பதல்ல, "எந்தப் பரீட்சை எழுதப் போகிறாய்?" என்பதுதான். அந்தக் கேள்வியில் தவறும் இல்லை.

ஏ.டி.பி. 2024-ல் புதிதாக ஒரு திட்டம் தொடங்கியது. தரவரிசையில் முதல் 250 பேருக்கு ஆண்டு வருமானத்துக்கு உத்தரவாதம். காயத்தால் அதிகம் ஆட முடியாமல் போனவர்களுக்கும் இடத்துக்கு ஏற்ப 50,000 முதல் 2 லட்சம் டாலர் வரை வருமானப் பாதுகாப்பு. நல்ல திட்டம். பிரஜ்னேஷ் ஓய்வு பெற்ற ஆண்டில் வந்தது என்பது தற்செயல். ஆனால் முன்பே வந்திருந்தாலும் தன் இருண்ட ஐந்து ஆண்டுகளில் அவருக்கு ஒரு காசுகூடக் கிடைத்திருக்காது. அப்போது அவர் அந்த 250 பேரில் இல்லை.

திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. அங்கே 'வலி' என்றால் வலிமை. இன்று நாம் பேசும் தமிழில் அதே சொல்லுக்கு நோவு என்று அர்த்தம். காயம்பட்ட ஆட்டக்காரர் இரண்டு அர்த்தங்களிலும் அதை அறிய வேண்டியிருக்கிறது: தன் பலம் எவ்வளவு என்றும், எந்த வலியோடு ஆடலாம், எந்த வலிக்கு நிறுத்த வேண்டும் என்றும். பிரஜ்னேஷ் அதை மெதுவாக, அதிக விலை கொடுத்துக் கற்றார். காலத்தை அறிந்து மீதமிருந்த சில ஆண்டுகளை முழுதாகச் செலவழித்தார். மூன்றாவது மட்டும் எந்த வீரரின் கையிலும் இல்லை. ஏணியின் எந்தப் படியில் நிற்கும்போது காயம் வரும் என்பதை யார் தீர்மானிப்பது?

அதைச் சரிசெய்யக்கூடியவர்கள் டென்னிஸ் சங்கங்களும் அரசின் விளையாட்டு அமைப்புகளும்தான். தரவரிசை எண்ணைப் பார்க்காமல், ஜூனியர் நிலையில் திறமை காட்டிக் காயத்தால் முடங்கிய ஒரு சிலரைத் தேர்ந்தெடுத்து, இரண்டு ஆண்டுகளுக்கு மருத்துவச் செலவையும் பயிற்சிச் செலவையும் ஏற்பது கோடிக்கணக்கில் போகும் காரியமல்ல. தேர்ந்தெடுத்தவர்களில் பாதிப் பேர் திரும்பாமலே போகலாம். ஒருவர் திரும்பி வந்தாலும் என்ன ஆகும் என்பதற்கு 2018-ம் 2019-ம் சாட்சி.

அதுவரை நடைமுறை இதுதான்: அடுத்த முறை 20 வயதில் ஒரு முழங்கால் விரிசல் விடும்போது, அந்தப் பையனின் பெயர் எந்தப் பாதுகாப்புப் பட்டியலிலும் இருக்காது. காத்திருக்கும் வசதி வீட்டில் இருந்தால் அவன் திரும்பி வருவான். இல்லாவிட்டால், இப்படி ஒருவன் ஆடினான் என்பதே நமக்குத் தெரியாமல் போகும்.